சூரியனைத் துரத்திய சிறுவன்

அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஒரு நகரம். அங்கே ஒரு போட்டோ ஸ்டூடியோ. 1866-ம் ஆண்டு வாக்கில், அந்த ஸ்டூடியோவின் மொட்டை மாடியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நாள் முழுதும் வெயிலில் நிற்பான்.

அவனுக்கு என்ன வேலை தெரியுமா? சூரியனைத் துரத்துவது!

அப்போது மின்சார விளக்கு வரவில்லை. சின்னப் படத்தைப் பெரிய படமாக்கச் சூரிய வெளிச்சம்தான் வேண்டும். அதற்காக மாடியில் பிரம்மாண்டமான கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் பெயர் 'ஜூபிடர்'. சூரியன் நகர நகர, கருவியையும் நேராகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் படம் கெட்டுவிடும். சிறுவன் அசரவில்லை.

அவன்தான் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வான சாஸ்திரி. அவன் 1857-ல் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். வீட்டில் வறுமை. பள்ளிக்கூடம் போனது இரண்டே மாதம். எழுத்துக் கற்றுக் கொடுத்தவள் தாய்.

வால் நட்சத்திர வீடு

பர்னார்ட் அந்த ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 19-வது வயதில் ஒரு டெலஸ்கோப் வாங்கினார். அதன் லென்ஸ் 5 அங்குலம். விலை 380 டாலர். அவருடைய ஒரு வருடச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு!

அதே 1877-ல் நியூகோம் என்ற பெரிய விஞ்ஞானி நாஷ்விலுக்கு வந்தார். பர்னார்ட் ஆசையோடு போய் யோசனை கேட்டார். கணிதம் தெரியாமல் இந்தத் துறையில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். வாலிபர் தனியே போய் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணிதம் படிக்க உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தில் புதிய வால் நட்சத்திரம் கண்டுபிடித்தால் 200 டாலர் பரிசு உண்டு. பர்னார்ட் ஒன்றன் பின் ஒன்றாகக் கண்டுபிடித்தார். அந்தப் பணத்தில்தான் தமக்கும் மனைவி ரோடாவுக்கும் ஒரு வீடு கட்டினார். வீட்டுக்கே 'வால் நட்சத்திர வீடு' என்று பெயர் வந்துவிட்டது.

1888-ல் கலிபோர்னியாவில் உள்ள லிக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே 36 அங்குல லென்ஸ் உள்ள டெலஸ்கோப் இருந்தது. அன்று உலகிலேயே பெரியது அதுதான். ஆனால் பர்னார்ட் மனம் ஒரு பழைய லென்சின் மீது போயிற்று. ஸ்டூடியோவில் ஆட்களைப் படம் பிடிக்கும் லென்ஸ் அது. 6 அங்குலம். இரண்டாம் கையாக வாங்கியது. அதைக் கொண்டு பால் வீதியைப் படம் பிடிக்கத் துணிந்தார்.

விழித்த கண்

நட்சத்திரத்தைப் படம் பிடிப்பது எளிதல்ல. வெளிச்சம் மிகக் குறைவு. மூன்று மணி, நான்கு மணி நேரம் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் பூமி சுழன்றுவிடுகிறது. புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும்.

ஆகவே, கருவியைத் தாங்கும் அமைப்பில் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கமாகச் சாய்த்து நிறுத்துவார்கள். அது பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். கடிகாரம் போன்ற இயந்திரம் ஒன்று கருவியை அந்த அச்சில் மெல்லத் திருப்பும். பூமி ஒரு பக்கம் சுழல, கருவி எதிர்ப் பக்கம் திரும்பும். நட்சத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆனால் இயந்திரத்தை நம்பித் தூங்க முடியாது. பல் சக்கரத்தில் சிறு பிசகு இருந்தாலும் படம் போச்சு! எனவே கேமராவோடு இன்னொரு டெலஸ்கோப்பையும் பிணைத்திருப்பார்கள். அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய இழைகள். அவை கூடும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்திவிட்டுக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கையால் திருப்பிச் சரி செய்ய வேண்டும். குளிரில் நெருப்பு மூட்டவும் கூடாது. சூடான காற்று கலங்கிப் படத்தைக் கெடுக்கும்.

வேறு யாருக்காவது இது தண்டனை. ஜூபிடரைத் திருப்பிப் பழகிய கைக்கு இது சொந்த வேலை. 1889-ல் பால் வீதி அவர் தகட்டில் மேகம் மேகமாக விழுந்தது.

1892-ல் பெரிய டெலஸ்கோப் மூலம் வியாழன் கிரகத்தின் ஐந்தாவது சந்திரனைக் கண்டுபிடித்தார். வியாழனுக்கு ஆங்கிலத்தில் ஜூபிடர் என்றுதான் பெயர்! கலிலியோ நான்கு சந்திரன்களைக் கண்டு 282 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இருண்ட ஓட்டைகள்

1895-ல் யெர்க்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துக்கு மாறினார். காதரின் புரூஸ் என்ற சீமாட்டி 7,000 டாலர் கொடுத்தார். அதில் 10 அங்குல லென்ஸ் உள்ள கருவி உருவாயிற்று. சாதாரணத் தாங்கியில், நட்சத்திரம் உச்சியைத் தாண்டினால் குழாய் தூணில் இடிக்கும். படத்தைப் பாதியில் நிறுத்த வேண்டும். புரூஸ் கருவியின் தூணையே வளைத்துச் செய்தார்கள். இரவு முழுதும் தடையில்லை. 1905-ல் அதை வில்சன் மலைக்குக் கொண்டுபோய்ப் படங்களை எடுத்துக் குவித்தார்.

படங்களில் ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள் இருந்தன. நட்சத்திரமே இல்லாத ஓட்டைகள் என்று பலரும் நினைத்தனர். பர்னார்டும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார். 1913-ல் ஒரு கோடை இரவு. நிலா இல்லை. சின்னச் சின்ன மேகங்கள் பால் வீதியின் குறுக்கே கறுப்பாக மிதந்து போயின. தம் படங்களில் உள்ள திட்டுகளை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருந்தன!

அவை ஓட்டைகள் அல்ல, வெளிச்சத்தை மறைக்கும் ஏதோ பொருள் என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது. 1919-ல் 182 திட்டுகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். அவை தூசியும் வாயுவும் சேர்ந்த மேகங்கள், அவற்றுக்குள்தான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று பின்னால் வந்தவர்கள் கண்டனர்.

தம் படங்களைப் புத்தகமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அச்சு இயந்திரத்தில் போட்டால் நுட்பம் போய்விடும் என்று அஞ்சினார். அதனால் 700 பிரதிகளுக்கும் அசல் போட்டோக்களையே போடச் செய்தார். மொத்தம் 35,700 படங்கள். ஒவ்வொன்றையும் தாமே பார்த்துப் பொறுக்கினார். புத்தகம் முடியவில்லை. 1923 பிப்ரவரி 6-ந் தேதி காலமானார்.

மீதி வேலையை அவருடைய மனைவியின் அண்ணன் தம்பி வழி மருமகள் மேரி கால்வெர்ட்டும், கூடத்தின் தலைவர் பிராஸ்டும் முடித்தார்கள். 1927-ல் புத்தகம் வெளிவந்தது.