சுரங்கக் காரியஸ்தர் ஊர்த் தலைவரான வரலாறு

நம் வர்த்தகச் சகோதரர்கள் பலரும் கண்ட காட்சி ஒன்று உண்டு. கொள்முதலிலோ கணக்கிலோ கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவரை முதலாளி முழு ஸ்தாபனத்திற்கும் பொறுப்பாளராக்குகிறார். சில மாதங்களிலேயே அவர் திணறிப் போகிறார். திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. தமக்குப் பழகிய ஒரு வேலையையே இறுகப் பிடித்துக்கொண்டு, பழகாத பத்து வேலைகளைக் கவனியாமல் விட்டுவிடுவதே காரணம். ஒரு பகுதியைப் பார்ப்பவர் முழுமைக்கும் தலைவராவது வெறும் சம்பள உயர்வன்று. அது வேறொரு தொழிலில் புகுவதற்குச் சமம்.

இந்தப் படியை ஏறிக் கடந்த ஒருவரின் வரலாறு கோலாலம்பூரிலேயே இருக்கிறது. அவர்தாம் கப்பித்தான் யாப் ஆ லோய். அவர் நம் மார்க்கத்தவருமல்லர், நம் மொழியினருமல்லர். ஆயினும் நாம் கடை வைத்துப் பிழைக்கும் ஊரை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர். நல்ல பாடம் எவரிடமிருந்து கிடைத்தாலும் எடுத்துக்கொள்வது வியாபாரிக்கு அழகு.

1837-இல் சீன நாட்டின் குவாங்டுங் மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், 1854-இல் பதினேழு வயதில் மலாக்காவில் வந்து இறங்கினார். ஈயச் சுரங்கத்திலும் உறவினர் கடையிலும் சிறிது காலம் வேலை பார்த்தார். பின்னர் லுகுட்டில் ஒரு சுரங்கத்தில் சமையற்காரராக இருந்தார். சிறு வியாபாரமும் செய்து பார்த்தார். அங்கிருந்து சுங்கை ஊஜோங் சென்று, சீனர் தலைவரான கப்பித்தான் ஷின் என்பவரிடம் காவற்படையில் சேர்ந்தார். 1860-இல் அங்கு மூண்ட கலவரத்தில் கப்பித்தான் ஷின் கொல்லப்பட்டார். யாப் ஆ லோயும் காயமுற்றார். பிற்காலத்தில் அந்தப் பழைய எஜமானரின் நினைவாகக் கோலாலம்பூரில் கோயிலே எழுப்பினார் என்பதிலிருந்து அவருடைய நன்றியுணர்வு விளங்கும்.

இனி கோலாலம்பூருக்கு வருவோம். 1857-இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளரை ஆற்று வழியே அம்பாங் பக்கம் அனுப்பினார். ஒரு மாதத்திற்குள் காய்ச்சலுக்குத் தப்பியவர் 18 பேர்தாம். அப்படிப்பட்ட காட்டில் எழுந்த ஊர் இது. 1862-இல் அங்கு கப்பித்தானாக இருந்த லியூ நிம் கோங், தம் சுரங்கங்களைப் பார்த்துக்கொள்ள யாப் ஆ லோயை அழைத்தார். அதற்குள் இவர் சுங்கை ஊஜோங்கில் யாப் ஆ ஷாக் என்பவர் விட்டுக் கொடுத்த கப்பித்தான் பதவியையே ஏற்றிருந்தார். இருந்தும் அதை விட்டு இன்னொருவரிடம் காரியஸ்தராகச் சேரச் சம்மதித்தார். மண்ணில் ஈயம் இருக்கும் இடம், நீரை இறைக்கும் முறை, ஆட்களைக் கட்டி மேய்க்கும் விதம், கிள்ளான் ஆற்றில் அரிசி வருவதும் ஈயம் போவதும் ஆகிய அனைத்தையும் ஆறு ஆண்டுகள் அருகிருந்து கற்றார்.

1868-இல் லியூ நோயுற்றுப் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தார். அவர் மறைந்த பின் யாப் ஆ லோய் கோலாலம்பூரின் மூன்றாவது கப்பித்தானாக நிலைபெற்றார். லியூவின் உறவினர் சிலர் இதை எதிர்த்தனர். சொந்தக்காரர் இருக்கக் காரியஸ்தர் எப்படித் தலைவராகலாம் என்ற வழக்கு நம் கடைகளுக்கும் புதிதன்று. நல்ல காரியஸ்தர் என்ற பெயர் மட்டும் இங்கே அவரைக் காப்பாற்றியிராது. ஊரின் அமைதி, வழக்குத் தீர்ப்பு, வரி, மலாய்ப் பிரபுக்களின் நம்பிக்கை எல்லாம் இப்போது அவர் தலையில் விழுந்தன.

அப்போது சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. யாப் ஆ லோய் தெங்கு குடினின் பக்கம் நின்றார். தாமே ஒரு காலத்தில் காவற்படையில் இருந்தவராயினும், போர்க்களத்திற்கு வேறொரு தளபதியை அமர்த்திவிட்டு, பணம், அரிசி, ஆயுதம், ஆள் ஆகியவற்றைத் திரட்டுவதைத் தம் வேலையாக்கிக்கொண்டார். நமக்கு முக்கியமான பாடம் இதுவே. தம்மை உயர்த்திய பழைய வேலையைத் தகுந்த ஒருவர் கையில் கொடுக்கத் தெரிந்தவரே தலைவராகிறார்.

1872-இல் கோலாலம்பூர் எதிரிகளிடம் வீழ்ந்தது. அவர் கிள்ளானுக்குத் தப்பினார். 1873-இல் பகாங் படைகளின் உதவியால் ஊர் மீட்கப்பட்டபோது, வீடுகள் எரிந்து கிடந்தன. சுரங்கங்களில் நீர் நிரம்பியிருந்தது. அவர் ஊரைக் கைவிடவில்லை. கடன் வாங்கினார், ஆட்களைத் திரட்டினார், சுரங்கங்களை மறுபடியும் திறந்தார். ஈய விலை குறைந்திருந்தபடியால் கடன் கழுத்தை நெரித்தது. 1879-இல் விலை ஏறிய பிறகுதான் மூச்சு விட்டார். 1880-இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1881-இல் தீயும் வெள்ளமும் ஊரை மீண்டும் அழித்தன. 1882-இல் ரெசிடெண்டாக வந்த சுவெட்டன்ஹாம், ஓலைக்கும் பலகைக்கும் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் செய்தார். அதற்கு வேண்டிய செங்கல் தொழிலில் யாப் ஆ லோய் முன்னின்றார். பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயரே அங்கிருந்த செங்கற் சூளைகளை நினைவூட்டுகிறது.

குறையையும் மறைக்கலாகாது. அவருடைய வருமானத்தில் பெரும் பங்கு அபினிலிருந்தும் சூதாட்டத்திலிருந்தும் வந்தது. ஹராமான அந்த வழி நமக்கு வேண்டாம். மரவள்ளி ஆலையில் அவர் போட்ட பணமும் நஷ்டமாயிற்று. எல்லாக் கணக்கும் ஒருவர் மனத்திலேயே இருந்தால் எத்தனை பெரிய ஸ்தாபனமும் ஆட்டம் காணும் என்பதும் அவர் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கை.

1885 ஏப்ரல் 15-இல், 48 வயதில் அவர் காலமானார். கிள்ளானுக்கு ரயில் ஓடியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். அவருக்குப் பின் கப்பித்தானானவர், முன்னொரு நாள் சுங்கை ஊஜோங்கில் அவருக்குப் பதவியை விட்டுக் கொடுத்த அதே யாப் ஆ ஷாக்.

நம் கடைகளில் பெட்டியடியில் அமர்ந்திருக்கும் இளைஞர்களுள் நாளைய முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலையை மட்டும் கற்றுக் கொடுத்து நிறுத்திவிடாமல், கொள்முதல், கடன், ஆள், ஊர் உறவு அனைத்தையும் காட்டிக் கொடுப்பது மூத்தவர்களாகிய நம் கடமை. அதற்கான மனத்தை அல்லாஹ் நம் யாவருக்கும் தருவானாக.