சி டிரைவுக்கு இடம் பிடித்தவர்

பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கழட்டிப் பார்க்க வாய்ப்பு கிடைச்சா விட்டுடாதீங்க. அண்ணாகிராமம், பண்ருட்டி பக்கம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையிலோ டிடிபி சென்டரிலோ மூலையில் ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கும். நாம எல்லாரும் சிபியு என்று சொல்லும் அந்தப் பெட்டியின் முன்பக்கம், மேலே இரண்டு மூன்று அகலமான அறைகள் இருக்கும். சிடி, டிவிடி டிரைவ் அங்கே. கீழே குறுகலான அறைகள், ஹார்ட் டிஸ்க் அங்கே. மேலே இருக்கும் அறைக்குப் பெயர் ஐந்தேகால் இன்ச். ஆனால் ஸ்கேல் வச்சு அளந்தா ஐந்தேமுக்கால் வருது. உள்ளே போகும் சிடியோ 12 சென்டிமீட்டர், ஐந்து இன்ச்கூடத் தேறாது. அப்போ இந்த ஐந்தேகால் எங்கிருந்து வந்துச்சு? ஹார்ட் டிஸ்க் ஏன் சி-யில் ஆரம்பிக்குது, ஏ-யும் பி-யும் எங்கே போச்சு?

இரண்டு கேள்விக்கும் பதில் தேடிப் போனால் ஒரே மனிதரின் வாழ்க்கையில் போய் நிற்கும். அவர் பெயர் ஆலன் ஷூகார்ட். சீகேட் ஹார்ட் டிஸ்க் எல்லாருக்கும் தெரியும். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவர்.

1930 செப்டம்பர் 27 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். 1951இல் ரெட்லேண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அடுத்த நாளே ஐபிஎம்மில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஆராய்ச்சிக்கூட வேலை என்று நினைச்சுடாதீங்க. பையைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் ஆபீஸ் ஆபீஸாகப் போய், துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் கணக்கு இயந்திரங்களை ரிப்பேர் பண்ணும் வேலை. இன்னைக்கு நாம சர்வீஸ் இன்ஜினியர் என்று சொல்வோமே, அதேதான். மெஷின் எப்படி ஓடணும் என்பதைவிட எங்கே நின்னு போகும் என்பதை முதலில் கற்றுக்கொண்ட ஆள் அவர். பின்னாளில் அவர் செய்த வேலைகளுக்கு இந்த நாலு வருஷம்தான் அஸ்திவாரம் என்பது என் எண்ணம்.

1955இல் சான் ஹோஸேயில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்துக்கு மாறினார். அங்கே ரேனால்ட் ஜான்சன் தலைமையில் உலகின் முதல் டிஸ்க் டிரைவ் தயாராகிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ராமாக் அதுதான். இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, நிமிஷத்துக்கு 1200 சுற்று. எழுதவும் படிக்கவும் ஒரு கை மட்டும். வேண்டிய தட்டுக்கு அது மேலும் கீழும் ஏறி இறங்கிப் போகணும். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்னைக்கு ஃபோனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குச் சரியாப் போகும். எடை ஒரு டன்னுக்கு மேல். நம்ம ஊரில் பலாப்பழம் ஏத்தும் மினி வேனில் ஏத்தினால் வேன் முக்கும்.

அடுத்து வந்த டிரைவ் திட்டத்துக்கு ஷூகார்டையே பொறுப்பாளர் ஆக்கினார்கள். இதில் ஏறி இறங்கும் கை கிடையாது. சீப்பின் பற்கள் மாதிரி ஒவ்வொரு தட்டுப் பரப்புக்கும் தனித்தனி ஹெட், காற்றுப் படலத்தின் மேல் மிதக்கும். நம்ம ஹார்ட் டிஸ்கில் இப்பவும் அப்படித்தான். விமான டிக்கெட் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்த சேபர் அமைப்பு இந்த வகை டிரைவில்தான் ஓடியது.

ஃப்ளாப்பியைக் கண்டுபிடிச்சது ஷூகார்ட் என்று நிறைய இடத்தில் எழுதியிருக்கும். அது முழு நியாயம் இல்லை. பெரிய கம்ப்யூட்டர்களுக்கு உள் நிரல் ஏற்ற மலிவான ஒரு வழி வேண்டும் என்று 1967இல் அந்த வேலையை டேவிட் நோபிளிடம் ஒப்படைத்தவர் ஷூகார்ட். மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நோபிளும் அவர் குழுவும். 1971இல் எட்டு இன்ச் ஃப்ளாப்பி சந்தைக்கு வந்தபோது ஷூகார்ட் ஐபிஎம்மிலேயே இல்லை. 1969இல் மெமொரெக்ஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டார், கூடவே ஐபிஎம் பொறியாளர்கள் பலரும் போனார்கள்.

1973 வாக்கில் தன் பெயரிலேயே ஷூகார்ட் அசோசியேட்ஸ் என்று சொந்தக் கம்பெனி. சின்ன வியாபாரிகளுக்கு பிராசஸர், பிரிண்டர், ஃப்ளாப்பி எல்லாம் சேர்ந்த முழு கம்ப்யூட்டர் ஒன்று செய்து விற்கணும் என்பது திட்டம். பணம் கரைந்ததே தவிர விற்கப் பொருள் தயாராகவில்லை. முதல் போட்டவர்கள் பொறுமை இழந்தார்கள். 1974இல் அவர் வெளியே. துரத்தினார்களா, அவராகக் கிளம்பினாரா என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். வாசலில் அவர் பெயர் தொங்கும் கம்பெனிக்குள் அவருக்கு வேலை இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

வயது 44. நண்பர்களோடு சேர்ந்து சான்டா குரூஸில் ஒரு மதுக்கடை நடத்தினார். அப்புறம் போட் ஒன்று வாங்கிக்கொண்டு சால்மன் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனார். பொழுதுபோக்குக்கு இல்லை, பிழைப்புக்கு. தேவனாம்பட்டினத்திலோ கடலூர் துறைமுகத்திலோ போட் வச்சிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்க, டீசல் போட்டுக் கடலுக்குள் போய் வலை காலியாகத் திரும்பும் நாள் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். டிஸ்க் டிரைவ் உலகில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் அந்தக் கணக்கில் சில வருஷம் வாழ்ந்தார்.

அந்த இடைவெளியில்தான், அவர் இல்லாத அவர் கம்பெனி ஜெயித்தது. எட்டு இன்ச் டிரைவ் மேஜைக் கம்ப்யூட்டருக்கு ரொம்பப் பெரிசு, விலையும் அதிகம் என்று வாங் நிறுவனம் கேட்டுக்கொள்ள, 1976இல் ஷூகார்ட் அசோசியேட்ஸ் ஐந்தேகால் இன்ச் ஃப்ளாப்பி டிரைவை வெளியிட்டது. ஐந்தேகால் என்பது அந்த டிஸ்கெட்டின் அளவு. டிஸ்கெட்டைச் சுற்றி இரும்புச் சட்டம், மோட்டார் எல்லாம் சேர்ந்து டிரைவின் அகலம் ஐந்தேமுக்கால் ஆனது, உயரம் மூன்றேகால். டிஸ்கெட் செத்துப் போச்சு, பெயரும் ஓட்டையும் மட்டும் நம்ம கேபினெட்டில் இருக்கு. இன்றைய டிவிடி டிரைவ் அந்த உயரத்தில் சரியாகப் பாதி.

ஒரே கேபிளில் பல டிரைவை வரிசையாகக் கோர்க்கும் முறையும் அந்த ஃப்ளாப்பியோடு பரவியது. எந்த டிரைவ் எத்தனையாவது என்பதை ஒவ்வொன்றிலும் ஜம்பர் வைத்துச் சொல்லணும். கோர்வையின் கடைசி டிரைவில் மட்டும் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் இருக்கணும், இல்லேன்னா சிக்னல் முட்டித் திரும்பும். ஐபிஎம் பிசியில் இதற்கும் ஒரு குறுக்கு வழி பிடிச்சாங்க. எல்லா டிரைவிலும் ஜம்பரை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, கேபிளில் 10 முதல் 16 வரை உள்ள ஏழு கம்பிகளை முறுக்கி மாற்றினார்கள். முறுக்குக்கு அந்தப் பக்கம் மாட்டினால் ஏ, இந்தப் பக்கம் மாட்டினால் பி. பழைய ஃப்ளாப்பி கேபிள் கையில் கிடைச்சா அந்த முறுக்கைப் பார்க்கலாம், யாரோ தப்பாச் செய்த மாதிரியே இருக்கும்.

1979இல் ஃபினிஸ் கானர் என்ற பழைய சகா ஒரு யோசனையோடு வந்தார். ஃப்ளாப்பி டிரைவ் அளவிலேயே ஒரு ஹார்ட் டிஸ்க் செய்தால் என்ன? ஷூகார்ட் கரைக்கு வந்தார். புதுக் கம்பெனிக்கு முதலில் ஷூகார்ட் டெக்னாலஜி என்று பெயர். பழைய கம்பெனிப் பெயரோடு மோதியதால் அது சீகேட் டெக்னாலஜி ஆனது. சொந்தப் பெயரை வைத்துக்கொள்ள வழியில்லை, பாருங்க.

1980இல் வந்தது எஸ்டி 506. 5 மெகாபைட். பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. ஆனால் நீளம், அகலம், உயரம், ஸ்க்ரூ ஓட்டை, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வரும் நாலு முனை பவர் பிளக், எல்லாம் ஃப்ளாப்பி டிரைவ் மாதிரியே. கன்ட்ரோல் கேபிளும் அதே 34 முனை, கோர்வையாகப் போவது. டேட்டாவுக்கு மட்டும் டிரைவுக்கு ஒன்றாக 20 முனை கேபிள் கூடுதல். கம்ப்யூட்டர் செய்பவர் பெட்டியை மாற்ற வேண்டாம். ஒரு ஃப்ளாப்பியைக் கழட்டு, அந்த இடத்தில் இதை மாட்டு. சர்வீஸ் இன்ஜினியருக்குத் தோன்றக்கூடிய யோசனை இது.

1981இன் ஐபிஎம் பிசியில் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃப்ளாப்பி அறைகள். 1983இல் வந்த எக்ஸ்டி மாடலில் இடது அறையில் ஃப்ளாப்பி, வலது அறையில் ஹார்ட் டிஸ்க். அந்த 10 மெகாபைட் டிஸ்கை ஐபிஎம்முக்குக் கொடுத்தவர்களில் சீகேட் முக்கியமானது. முதல் பிசியில் 63.5 வாட்டாக இருந்த பவர் சப்ளையை 130 வாட்டாக ஏற்றினார்கள். பெயர் வைப்பதில்தான் வேடிக்கை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அது மாதிரி ஏ-யும் பி-யும் ஃப்ளாப்பிக்கு என்று டாஸ் ஏற்கனவே பிடிச்சு வச்சிருந்தது. ஒரே ஒரு ஃப்ளாப்பி இருந்தாலும் பி வேறு யாருக்கும் கிடையாது. பிந்தி ஏறிய ஹார்ட் டிஸ்க் சி-யில் உட்கார்ந்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

கானர் சில வருஷத்தில் சீகேட்டை விட்டுப் போய்த் தன் பெயரில் கம்பெனி தொடங்கினார். காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனங்களோடு ஐடிஇ முறையை வளர்த்ததில் அந்தக் கம்பெனிக்கும் பங்குண்டு. 40 முனை கேபிள், அதில் இரண்டு டிரைவ், மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் என்று நம்ம சீனியர்கள் படாதபாடு பட்டது அதில்தான். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவ்தான் பேசும். அதனால்தான் ஹார்ட் டிஸ்கை ஒரு கேபிளிலும் சிடி டிரைவை இன்னொன்றிலும் மாட்டச் சொல்வார்கள். 1996இல் கானர் கம்பெனியை சீகேட்டே வாங்கிப் போட்டது.

1992இல் சீகேட்டின் பாரக்குடா நிமிஷத்துக்கு 7200 சுற்றைத் தொட்டது. வேகம் கூடினால் சூடும் அதிர்வும் கூடும். இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டினால் நடுவில் ஒரு அறையைக் காலியாக விடுங்க, முன் ஃபேன் காற்று படும் இடமாகப் பாருங்க, நாலு ஸ்க்ரூவையும் போடுங்க. ஹார்ட் டிஸ்குக்குப் பெரிய புரி ஸ்க்ரூ, டிவிடி டிரைவுக்குச் சின்ன புரி. மாற்றி முறுக்கினால் புரி தேய்ஞ்சு போகும்.

ஷூகார்ட் ஹவாய் பூப்போட்ட சட்டையில் ஆபீஸ் வருவார். 1996இல் தன் நாய் எர்னஸ்டை அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தப் பார்த்தார். அரசியல்வாதிகள் மேல் அவ்வளவு கோபம். நம்ம நோட்டா மாதிரி ஒரு பொத்தான் கலிஃபோர்னியாவில் வேண்டும் என்று 2000இல் வாக்கெடுப்புக்கே கொண்டு வந்தார், தோற்றது.

அதற்கு முன், 1998இல், சீகேட் நிர்வாகக் குழு அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. 24 வருஷத்துக்கு முன் நடந்ததேதான் மறுபடியும், இந்தத் தடவை அவருக்கு 67 வயது. மீன் பிடிக்கப் போகவில்லை. புதுசாகக் கம்பெனி ஆரம்பிக்கும் இளைஞர்களுக்கு உதவ இன்னொரு நிறுவனம் தொடங்கினார்.

2006 டிசம்பர் 12 அன்று, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கலால், மான்டெரேயில் காலமானார். அதற்குள் டெஸ்க்டாப்களில் சாட்டா வந்துவிட்டது. டிரைவுக்கு ஒரு கேபிள், மாஸ்டரும் இல்லை, ஸ்லேவும் இல்லை.