கலமும் கணிதமும்: இராமாநுஜனார் கண்ட பேரெண்

சோழ வளநாட்டில் நெல்லளப்போர்க்குப் பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். பங்காளிகள் இருவராயினும், மூவராயினும், நால்வராயினும், அறுவராயினும் ஒரு கலத்தை மரக்கால் சிதையாமற் பகிர்ந்து கொள்ளலாம். பத்து மரக்காலுக்கு அவ்வியல்பு இல்லை. மூவர் வந்து நின்றால் இடர்ப்படும். தன்னிற் சிறிய எண் ஒவ்வொன்றையும்விட மிகுதியான எண்களால் மீதியின்றி வகுபடுவது 12. இத்தகையவற்றை மிகுபகு எண்கள் என்னலாம். ஒரு நாளின் நாழிகைத் தொகையாகிய 60உம் இவ்வினத்ததே. இவற்றின் இயல்பை முறைப்பட ஆராய்ந்து உலகிற்கு உரைத்தவர் காவிரிக் கரையிலே வளர்ந்த இராமாநுஜனார்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டிற் பிறந்த இவர், கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தனர். தந்தையார் சீநிவாச ஐயங்கார் துணிக்கடைக் கணக்கர். பள்ளியிற் பரிசு பல பெற்ற மாணவர், கல்லூரியிற் கணிதமொழிந்த பாடங்களைக் கைவிட்டமையால் உதவிச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தவறினார். 1912இல் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானதும், 1913இல் ஹார்டிக்குக் கடிதம் வரைந்ததும், 1914இல் கப்பலேறியதும் யாவரும் அறிந்தனவே.

1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் மிகுபகு எண்களைப் பற்றிய இவரது நெடுங்கட்டுரை வந்தது. அதிலுள்ள அட்டவணையின் இறுதி எண் 67,46,32,83,88,800. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 என்னும் பகா எண்களை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கின் இது கிடைக்கும். இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080. பகா எண் பெரிதாகுந்தோறும் அது வரும் முறை குறையுமேயன்றி, அல்லது ஒத்து நிற்குமேயன்றி, மிகாது. இறுதிப் பகா எண் ஒரு முறையே வரும், 4, 36 என்னும் இரண்டு எண்கள் நீங்கலாக. இவ்விதியை அவர் நிறுவினார். வாய்க்கால் தலைப்பில் மிகுந்த நீர், கடைமடையிற் குறைந்து பாய்வது போன்றதோர் ஒழுங்கு இது.

அவ்வட்டவணையில் ஓரெண் விடுபட்டுள்ளது. அது 2,93,31,86,25,600. வியப்பென்னவெனில், இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது இதுவே. அதனை வகுக்கும் எண்கள் 5,040. அவர் கூறிய விதிக்கும் அடங்கியே நிற்கின்றது. இயந்திரத் துணையின்றிக் கையாற் கணித்து நூற்றுக்கு மேற்பட்ட எண்களை நிரல்படுத்தியவர் ஒன்றை விட்டமை அவர் நிறுவிய உண்மைகளுக்கு ஊறு செய்யவில்லை. எல்லாவற்றையும் தெய்வம் காதிற் சொல்லிற்று என்று புகழ்வோர் இவ்விடத்தைச் சற்றே நோக்குதல் நன்று. அவ்வரிசைக்குப் பின்னே கண்ணும் கையும் சோர உழைத்த உழைப்புண்டு.

எஃப்.ஏ. தேறாத அவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் பட்டமளித்தது இக்கட்டுரை கருதியே. ஆயினும் கட்டுரை முழுதும் அன்று அச்சேறவில்லை. போர்க்காலத்திற் கழகத்திற்குப் பொருள்முட்டு. 1919இல் நோயோடு தாயகம் மீண்ட இராமாநுஜனார், 1920 ஏப்ரல் 26இல், 32ஆம் அகவையிற் சென்னையில் மறைந்தார். எஞ்சிய பகுதி கையெழுத்தாகவே கிடந்து 1997இல் வெளிவந்தது.