பாரதியார் கேட்ட வீடு

புதுச்சேரியில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. அதில் மகாகவி பாரதியார் குடும்பத்தோடு குடியிருந்தார். ஆனால் அது அவருடைய சொந்த வீடு அல்ல. வாடகை வீடு!

1908-ம் ஆண்டு அவர் புதுச்சேரிக்கு வந்தார். 'இந்தியா' பத்திரிகை மீது ஆங்கில அரசு நடவடிக்கை எடுத்த சமயம் அது. புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சு ஆட்சி நடந்தது. அங்கே ஆங்கிலப் போலீசார் அவரைக் கைது செய்ய முடியாது. மனைவி செல்லம்மாளும், தங்கம்மாள், சகுந்தலா என்ற இரண்டு பெண் குழந்தைகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

1910-ல் பத்திரிகை நின்று போயிற்று. வருமானமும் குறைந்தது. வீட்டு வாடகை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்து நின்றது.

வீட்டுக்காரர் ஒரு செட்டியார். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்பது அவருக்கு வைத்த பட்டப் பெயர். வாடகை வாங்கத்தான் வருவார். வந்ததும் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார். பணத்தைக் கேட்காமலே எழுந்து போய்விடுவார். இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்குக் கிடைப்பார்!

புதுச்சேரியில் தமிழர் பகுதி வீடுகளுக்குத் தெருப் பக்கம் திண்ணை உண்டு. உள்ளே முற்றம் உண்டு. முற்றத்தின் வழியாக வெளிச்சமும் காற்றும் வரும். குருவிகளும் வரும்! ஒரு நாள் செல்லம்மாள் சமையலுக்கு எடுத்து வைத்திருந்த அரிசியைப் பாரதியார் அள்ளிக் குருவிகளுக்கு இறைத்துவிட்டார். குருவிகள் தின்றன, அவர் மகிழ்ந்தார். அடுப்படியில் நின்ற அம்மாளின் கவலையை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1916-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி, புதன்கிழமை. அன்று இரவு புதுச்சேரியைப் பெரும் புயல் தாக்கியது. அதற்குச் சற்று முன்புதான் பாரதியார் வேறு வீட்டுக்குக் குடிமாறியிருந்தார். பழைய வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன கதி ஆகியிருப்போம் என்று ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது போல அந்தப் புயலைப் பற்றிப் பாட்டும் எழுதினார். சுவர் உறுதியாக இருக்க வேண்டும் என்பதை அந்த ஒரு இரவு காட்டிவிட்டது.

இப்படி வாடகைக்கே இருந்தவர் எப்படிப்பட்ட வீட்டை விரும்பினார்? பராசக்தியிடம் அவர் கேட்ட வீடு 'காணி நிலம்' பாட்டில் இருக்கிறது.

ஒரு காணி என்பது 24 மனை. அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 32 சென்ட். இடத்தைக் கொஞ்சம் தாராளமாகத்தான் கேட்டிருக்கிறார்! மாளிகை என்றும் சொல்கிறார். ஆனால் தங்கம் கேட்கவில்லை, பளிங்கு கேட்கவில்லை. அழகான தூண், வெள்ளை நிற மாடம், ஒரு கிணறு, பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தென்னை மரம். பிறகு நிலா வெளிச்சம், குயில் ஓசை, இளங்காற்று. இவற்றில் பாதிக்கு மேல் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. வாசலையும் ஜன்னலையும் சரியான பக்கத்தில் வைத்தால் போதும். தண்ணீரும் நிழலும் காற்றும் முதலில், அலங்காரம் பிறகு. சிறிய பணத்தில் வீடு கட்டுகிறவர் எவரும் இந்தக் கணக்கைத்தான் போட வேண்டும்.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லையைத் தாண்டியதும் கைதானார். விடுதலையான பின் சில ஆண்டுகளில் சென்னைக்கு வந்தார். திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்தார். அதுவும் வாடகை வீடுதான். 1921 செப்டம்பரில் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 38.

அவர் வாடகைக்கு இருந்த புதுச்சேரி வீடும் திருவல்லிக்கேணி வீடும் பிற்காலத்தில் அரசாங்கங்களின் கைக்கு வந்தன. இரண்டும் இன்று அவருடைய நினைவு இல்லங்கள்.