சூலை தந்தவன் யார்?

போன வருஷம் இரண்டாம் செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில் என் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கடவுள் சோதிக்கிறார் என்று சொல்லிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைச் சோதிக்க அப்பாவோட உயிரா வேணும்? அந்தக் கேள்வியோடுதான் அப்பர் சுவாமிகள் வரலாற்றை மறுபடியும் படிச்சேன்.

ஏழாம் நூற்றாண்டு. திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்தவர் மருள்நீக்கியார். அப்பா நோயில் இறந்தார். அம்மாவும் உடனே போய்ட்டார். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தானும் சாகத் துணிந்த அக்கா, தம்பிக்காகவே உயிரோடு இருந்தார். உலகம் நிலையில்லை என்று கண்ட தம்பி, உண்மையைத் தேடிப்போய் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார்.

அக்கா திருவதிகை வீரட்டானத்தில் கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூமாலை கட்டி, தம்பியை மீட்டுத் தரும்படி சிவனிடம் வேண்டினார். கொஞ்ச நாளில் தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. குடலை முறுக்கும் வயிற்று வலி. மந்திரம் எதுவும் பலிக்கவில்லை. இரவோடு இரவாக அக்காவிடம் வந்தார். அக்கா திருநீறு தந்தார். சன்னிதியில் நின்று, வலியை ஏன் விலக்கவில்லை என்று இறைவனிடமே முறையிட்டுப் பாடினார். வலி தீர்ந்தது.

இங்கேதான் ஒன்றைக் கவனிச்சேன். பெரியபுராணத்தில் சேக்கிழார், சூலையைச் சிவனே தந்ததாகச் சொல்கிறார். அந்த மூன்று மரணங்களைச் சிவன் செய்ததாகச் சொல்லவில்லை. பிற்பாடு அப்பரை நீற்றறையில் 7 நாள் அடைத்ததும், நஞ்சு கொடுத்ததும், யானையை ஏவியதும், கல்லில் கட்டிக் கடலில் போட்டதும் பல்லவ மன்னனின் ஆணை. சிவன் மன்னன் கையைத் தடுக்கவில்லை. அப்பரைக் கைவிடவும் இல்லை.

எங்க லேப்பில் நாங்களே பாரம் ஏற்றி இரும்புக் கம்பியை உடைப்போம். அது சோதனை. வெள்ளத்தில் பாலம் இடிஞ்சா அதை யாரும் சோதனை என்று சொல்வதில்லை. அப்பருக்கு வந்த சூலைகூட சோதனை இல்லை; அழைப்பு.

வினைப்பயனை நமக்கு ஊட்டுபவன் இறைவனே, அதுவும் வைத்தியர் தரும் கசப்பு மருந்து போல என்கிறது சைவ சித்தாந்தம். அதைப் படிச்சதும் மனசு ஆறிடல. ஆனா இறைவனிடம் முறையிடுவது பாவம் இல்லை என்று அப்பர் காட்டினார். இப்போ நானும் சன்னிதியில் நின்று கேட்கிறேன்.

அப்பர் 81 வயதில் திருப்புகலூரில் இறைவனடி சேர்ந்தார். அதுவரை உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. இப்போ ஞாயிறு காலையில் நானும் அம்மாவும் கோயிலில் உழவாரப் பணிக்குப் போறோம். அம்மா பெருக்குவாங்க, நான் புல் செதுக்குவேன். அப்பா எதனால் போனார் என்பதற்குப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. ஆனா திலகவதியார் தம்பிக்காக இருந்த மாதிரி, நான் அம்மாவுக்காக இருக்கணும். அது மட்டும் தெளிவா தெரியுது.