ஆர்ஸ் ஊரின் இரக்கத் தூதர்

பிரான்சு நாட்டிலுள்ள ஆர்ஸ் என்பது ஒரு சிற்றூர். அங்கு 41 ஆண்டுகள் பங்குத்தந்தையாய் விளங்கி, இறைவனின் மன்னிப்பை மக்களுக்கு வாரி வழங்கிய புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்வைச் சற்றே காண்போம்.

1786-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், லியோன் நகருக்கு அருகிலுள்ள தார்தில்லி என்னும் ஊரில், எளிய உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அது பிரெஞ்சுப் புரட்சியின் காலம். கோவில்கள் மூடப்பட்டன, குருக்கள் மறைந்து வாழ்ந்தனர். சிறுவன் வியான்னி முதல் பாவசங்கீர்த்தனம் செய்தது தன் வீட்டிலேதான். 1799-இல் புதுநன்மை பெற்றதும் ஒரு வீட்டில், இரகசியமாக. உள்ளே நடப்பது தெரியாதிருக்க, சன்னல்களுக்கு வெளியே வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தனர்.

குருவாக வேண்டும் என்பது அவரது ஆவல். ஆனால் இலத்தீன் மொழி அவருக்கு எட்டாக் கனியாயிற்று. குருமடத்தினின்று அனுப்பப்பட்டபோதும், ஆசிரியரான பாலே அடிகளார் அவரைக் கைவிடவில்லை. 1815-இல் குருப்பட்டம் கிடைத்தது. எனினும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம் உடனே அளிக்கப்படவில்லை. பின்னர் அது கிடைத்தபோது, அவரிடம் முதலில் மண்டியிட்டவர் அந்தப் பாலே அடிகளாரே!

1818-இல் அவர் ஆர்ஸ் வந்தார். அங்கிருந்தோர் ஏறக்குறைய 230 பேரே. தொடக்கத்தில் அவர் மிகக் கண்டிப்பானவர். மனந்திரும்பியோர் படும் வேதனையைக் காணக் காண, அவர் உள்ளம் கனிந்தது. பாவத்தை வெறுத்தார், பாவியை அணைத்தார். பெரும் பாவிகளுக்கும் சிறிய அபராதமே விதித்து, எஞ்சிய பரிகாரத்தைத் தாமே ஏற்றார். வேகவைத்த உருளைக்கிழங்கே பல நாள் அவருக்கு உணவு. உறக்கமோ சில மணி நேரமே. ஏழைச் சிறுமியருக்கென 1824-இல் இலவசப் பள்ளி ஒன்றையும் அவர் தொடங்கினார்.

அவர் புகழ் பரவ, ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் ஆர்ஸ் நோக்கி வந்தனர், நாட்கணக்கில் காத்திருந்தனர். அவரோ நாளொன்றுக்கு 16 மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தார். பிறருக்கு ஆறுதல் அளித்த அவருக்கும் ஓர் அச்சம் இருந்தது. தாம் இப்பணிக்குத் தகுதியற்றவர் என்றெண்ணி, தனிமையில் தம் பாவங்களுக்காக அழ விரும்பி, ஒருமுறைக்கு மேல் ஊரைவிட்டு வெளியேற முயன்றார். ஆயினும் திரும்பி வந்து, தமக்காகக் காத்திருந்தோரிடையே மீண்டும் அமர்ந்தார். தாமும் இறை இரக்கம் தேவைப்படுபவர் என உணர்ந்ததால்தான் அவர் எவரையும் இகழவில்லை போலும்!

1859 ஆகஸ்டு 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1925-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். பங்குக் குருக்களின் பாதுகாவலரும் அவரே.

மனஸ்தாபம், பாவ அறிக்கை, பரிகாரம் என ஞானோபதேச வகுப்பில் நாம் படிக்கிறோம். இவை தண்டனையின் படிகள் அல்ல. தந்தையின் இல்லத்திற்குத் திரும்பும் படிகள். மன்னிப்புப் பெற்ற நாம், நம்மோடு பேசாதிருக்கும் தோழியிடம் முதலில் சென்று பேசுவோமா?