முதல் பெண் முதலமைச்சர்

1922-ஆம் ஆண்டு. டில்லியில் குத்சியா தோட்டத்தின் அருகே பள்ளிச் சிறுமியர் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தனர். இங்கிலாந்து இளவரசருக்கு மரியாதை செய்ய வேண்டுமாம். அவ்வரிசையில் சுசேதா என்ற சிறுமியும் அவள் சகோதரியும் நின்றனர். 1919-இல் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கேள்வியுற்று உள்ளம் கொதித்தவர்கள் இருவரும். வரமாட்டோம் என்று மறுத்துவிட ஆசை. ஆனால் வாய் எழவில்லை. கோபம் தங்கள் மேலேயே திரும்பியது. கோழைகளாகிவிட்டோமே என்று வெட்கிக் குன்றிப் போனார்கள்.

சுசேதா 1908-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் அம்பாலாவில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மஜும்தார் அரசாங்க மருத்துவர். அவருக்கு அடிக்கடி மாற்றலானதால் மகளுக்குப் பள்ளிகளும் மாறின. படித்துப் பட்டம் பெற்று, காசி இந்து சர்வகலாசாலையில் அரசியலமைப்பு வரலாறு கற்பிக்கும் ஆசிரியையானார்.

தம்மைவிட இருபது வயது மூத்தவரான ஆச்சாரிய கிருபளானியை மணக்க அவர் விரும்பியபோது காந்தியடிகளே தடை சொன்னார். இல்லறத்தில் புகுந்தால் கிருபளானியின் தொண்டு குன்றிவிடும் என்பது அவருடைய அச்சம். ஒரு தொண்டர் போய் இருவர் கிடைப்பார்களே என்று சுசேதா அவரிடமே வாதாடினார். தேசமே வணங்கிய பெரியவரிடம் மறுத்துப் பேசுவதென்றால் சும்மாவா? 1936-இல் திருமணம் நடந்தேறியது. சொன்ன சொல்லையும் அவர் காப்பாற்றினார். 1942-இல் தலைமறைவாகப் போராடி, 1944-இல் சிறை சென்றார். 1946-இல் நவகாளிக் கலவரத்தில் வீடிழந்து, மானமிழந்து தவித்த பெண்களைத் தேடிச் சென்று ஆதரவளித்தார். அரசியல் நிர்ணய சபையிலும் அங்கம் வகித்தார். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், அச்சபையில் வந்தே மாதரம் பாடியது அவர் குரல்தான்.

பின்னர் நடந்தது கதைபோல் இருக்கும். கணவர் காங்கிரஸை விட்டு விலகித் தனிக்கட்சி கண்டார். 1952-இல் அக்கட்சியின் சார்பில் புதுடில்லியில் நின்று வென்றார் சுசேதா அம்மையார். ஆனால் பிறகு அவர் மட்டும் காங்கிரஸுக்குத் திரும்பினார். 1963 ஆகஸ்டில் நேரு அரசின் மீது நாட்டின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஆச்சாரிய கிருபளானி. சில வாரங்களிலேயே அவருடைய மனைவி காங்கிரஸ் முதலமைச்சர்! கட்சி வேறு, குடும்பம் வேறு என்று இருவரும் இறுதிவரை ஒற்றுமையாக வாழ்ந்தனர்.

அந்தப் பதவி வந்த வழியில் நம் காமராஜருக்கும் பங்குண்டு. மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குச் செல்ல வேண்டும் என்ற அவருடைய திட்டப்படி, உத்தரப்பிரதேச முதலமைச்சர் சந்திரபானு குப்தா விலகினார். கட்சிக்குள் இருந்த கோஷ்டிப் பூசலும் அம்மையாரின் தேர்வுக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1963 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தியன்று, இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சராக லட்சுமணபுரியில் அவர் பதவியேற்றார். மக்கள்தொகையில் நாட்டிலேயே பெரிய மாநிலம் அது.

அவர் காலத்தில் அரசு ஊழியர்கள் ஊதிய உயர்வு கேட்டு 62 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊழியர் தலைவர்கள் சமரசத்துக்கு இணங்கும்வரை அம்மையார் அசையவில்லை. அந்த இரண்டு மாதமும் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் இருந்ததோ என்று எண்ணும்போது நம் மனம் சற்றுத் தயங்கவே செய்கிறது. ஆயினும், பெண்தானே, பணிந்துவிடுவார் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர்.

1967 மார்ச்சில் பதவியிலிருந்து இறங்கி, அவ்வாண்டே கோண்டா தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1971-இல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். 1974 டிசம்பர் 1-ஆம் நாள் காலமானார். அவர் எழுதத் தொடங்கிய சுயசரிதை முற்றுப்பெறவில்லை. குத்சியா தோட்டத்தருகே மறுக்கத் துணிவின்றி நின்றதையும், அதற்காக வெட்கப்பட்டதையும் அவரே எழுதி வைத்திருப்பதால்தான் நாம் அறிகிறோம்.